இறங்கித் தள்ளு

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி மதுரையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் உள் இட ஒதுக்கீடு பற்றி அவ்வளவு தரவுகளோடு பேசினார். நான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லப் போகிறேன். தலைப்பைக் கேட்டவுடன் கூட்ட ஏற்பாட்டாளர், "அக்கா, விளையாட்டாச் சொல்றீங்களா?" என்றார். இல்லை தோழர், நிஜமாகத்தான்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள், நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். சிவகங்கைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் ஒரு புளியமரம். அங்கே பிரிந்து உள்ளே வந்தால் முதலில் ஊர்த்தெரு, பிறகு மந்தை, அதைத் தாண்டினால் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் பாலம், அந்தப் பக்கம் எங்கள் காலனி. காலனிக்கு வேறு வழி கிடையாது. ஊர்த்தெருவைக் கடக்காமல் நாங்கள் பள்ளிக்கூடம் போக முடியாது, ஆஸ்பத்திரி போக முடியாது, கல்யாணம் முடிந்து பெண்ணைக் கூட்டி வர முடியாது. இதெல்லாம் உங்களில் பலருக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

என் அப்பா கொத்தனார். மதுரையில் வேலை. 2009-இல், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்து பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்றை வாங்கினார். கறுப்பு வண்டி, டேங்கில் ஊதாக் கோடு. மதுரையில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கூட வேலை பார்த்தவர்தான் அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். வாங்கிய வாரமே என்னைப் பின்னால் உட்காரவைத்து மெயின் ரோட்டில் கூட்டிப்போனார். அந்தக் காற்று இன்னும் என் முகத்தில் இருக்கிறது. திரும்பி வரும்போது புளியமரத்தடியில் எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். என்னை இறங்கச் சொல்லவில்லை. நான் சீட்டிலேயே உட்கார்ந்திருக்க, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தார். முந்நூறு மீட்டர் இருக்கும். மந்தையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வாய்க்கால் பாலம் தாண்டியதும் மறுபடி ஏறி, கிக்கரை உதைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏம்ப்பா தள்ளுனீங்க?" என்று கேட்டேன்.

"பெட்ரோல் மிச்சம் தாயி" என்றார்.

நான் அதை நம்பினேன். நாலைந்து வருஷம் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் சிக்கனத்துக்கு உதாரணம் கேட்டபோது எங்கப்பா பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற விதத்தை எழுந்து நின்று சொன்னவள் நான். வகுப்பில் ஊர்த்தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரியவில்லை. பத்தாம் வகுப்பு வந்தபோதுதான் புரிந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, ஒருநாள் தானாகவே புரிந்தது.

இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். பாதி உண்மைதான். எங்கள் காலனிப் பையன்கள் இன்று பல்சரிலும் டியூக்கிலும் ஊர்த்தெருவைக் கடக்கிறார்கள். யாரும் இறங்கச் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில், ஹாரனை அழுத்திக்கொண்டு, தலையைத் திருப்பாமல் போவார்கள். "ஏன்டா இப்படிப் பறக்கிறீங்க, குழந்தைங்க விளையாடுற தெருடா" என்று நானே திட்டியிருக்கிறேன். ஒருவன் சொன்னான்: "அக்கா, மெதுவாப் போனா கூப்பிடுவாங்க." கூப்பிட்டு என்ன கேட்பார்கள்? ஒன்றும் பெரிதாக இருக்காது. யார் வண்டி, எவ்வளவு விலை, எங்கே வேலை, டியூ கட்டுகிறாயா, இவ்வளவுதான். அந்தக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லும்போது வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்வதா, இறங்கிச் சொல்வதா என்று அந்தப் பையன் ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் அந்த வேகம்.

அப்பா மட்டும் இன்னும் புளியமரத்தடியில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். அவரை யாரும் தடுக்கவே இல்லை.

2023-இல் எனக்குக் கிராம அஞ்சல் ஊழியர் வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து எடுப்பார்கள், தேர்வு கிடையாது. அந்த அறிவிப்பில் ஒரு தகுதி போட்டிருக்கும்: சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டத் தெரிந்தால் அதையும் ஏற்றுக்கொள்வார்கள். எனக்குச் சைக்கிள் தெரியும், அதனால் சேர்ந்துவிட்டேன். சேர்ந்த பிறகுதான் மூன்று கிராமங்கள், இரண்டு காலனிகள், நடுவில் ஏழு கிலோமீட்டர் செம்மண் ரோடு என்று தெரிந்தது. அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல திட்டம், நான் அதற்கு நன்றியுள்ளவள். ஆனால் எங்கள் பக்கம் அந்தப் பேருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தபால் அதுவரை காத்திருக்குமா?

ஸ்கூட்டி வாங்கலாம் என்றால் கையில் பணம் இல்லை. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நான் வேலைக்கு வந்தபோது அது இல்லை. வீட்டில் இருந்தது அப்பாவின் ஸ்ப்ளெண்டர். அப்பாவுக்கு முட்டி வலி, மதுரைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வண்டி தார்ப்பாய் போர்த்தித் திண்ணை ஓரத்தில் நின்றது.

"அது ஆம்பள வண்டிடி" என்றார் அம்மா.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்களாம். சிலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்ததாம், முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாமே. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவுக புதுக்கோட்ட, நாம இங்கன" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் சாவி இருக்கிற இடத்தையும் மறைக்கவில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தவன் என் சித்தி மகன். மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறான், என்னைவிட ஆறு வயது இளையவன். முதலில் வீடியோ பார்த்தோம். எல்லா வீடியோவிலும் முதல் வரி ஒன்றுதான்: ஆள் நடமாட்டம் இல்லாத காலி மைதானமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் காலி இடத்துக்கா பஞ்சம்? பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, கோயிலை ஒட்டி. களம் இருக்கிறது, அது ஊர்க்களம். கண்மாய்க்கரை இருக்கிறது, அரசாங்கத்துக்குச் சொந்தம், ஆனால் நாங்கள் வண்டியை ஏற்றினால் கரை சரிந்துவிடும் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அவர்கள் டிராக்டர் ஏறினால் சரியாது.

மிச்சம் இருந்தது எங்கள் சுடுகாட்டுப் பாதை. காலனிக்குத் தெற்கே நானூறு மீட்டர். ஜல்லி கொட்டியதோடு விட்டுவிட்ட ரோடு, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வழிமறிக்கவோ வேடிக்கை பார்க்கவோ யாரும் வரமாட்டார்கள். அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் அவன் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. ஃபர்ஸ்ட் கியரைப் போடச் சொல்லி, கிளட்சை மட்டும் பைய விடச் சொன்னான். கிளட்ச்தான் எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்க்கிறதும் பிரிக்கிறதும். முழுதாகப் பிடித்திருந்தால் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடும், வண்டி நகராது. சட்டென்று விட்டால் ஒரு குதி குதித்து எஞ்சின் நின்றுபோகும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே வண்டி லேசாக உறுமி, முன்னால் போகத் துடிக்கும். "அந்த எடந்தான்க்கா. அத வெரலு கண்டுபிடிக்கணும், மூளை கண்டுபிடிக்காது" என்றான். அன்று முழுக்க ஆக்சிலேட்டர் இல்லாமல், இரண்டு காலையும் தரையில் தத்தித் தத்தி வைத்துக்கொண்டு, அந்த நானூறு மீட்டரை எத்தனை தடவை போய் வந்தேன் என்று கணக்கில்லை. நான் ஐந்தடி உயரம். அந்த சீட்டில் உட்கார்ந்தால் கால் விரல்நுனிதான் தரையைத் தொடும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தால் விரல்நுனியை வைத்து என்ன செய்ய முடியும்? விழவேண்டியதுதான். அதிகம் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்தப் பார்க்காதே, விட்டுவிட்டு விலகிவிடு, வண்டியைத் தூக்கிக்கொள்ளலாம், காலைத் தூக்க முடியாது என்றும் சொல்லிக்கொடுத்தான். இது எந்த வீடியோவிலும் இல்லை.

நன்றாகவே விழுந்தேன். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்து ஜல்லியில் சரிந்தேன். வலது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இருக்கிறது. உள்ளங்கையில் ஏறிய கருவேல முள்ளை எடுக்க அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. எடுத்துக்கொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே, "நாளைக்குக் கையில துணியச் சுத்திக்கிட்டுப் போ" என்றார்.

கியர் பெரிய கஷ்டம் இல்லை. ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம் மிதித்தால் விழும், குதிகாலால் பின்பக்கம் மிதித்தால் குறையும். வேகமாகப் போவதும் கஷ்டம் இல்லை, முப்பதைத் தாண்டிவிட்டால் வண்டி தானாகவே நேராக நிற்கிறது. கஷ்டம் மெதுவாகப் போவதுதான். மனிதன் நடக்கிற வேகத்தில் பைக்கை ஓட்டிப் பாருங்கள். அரை கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால், பார்வை தூரத்தில், தோளைத் தளர்த்தியிருக்க வேண்டும். பயந்தால் கை இறுகும், கை இறுகினால் வண்டி ஆடும். ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போடச் சொல்வது இதைப் பார்க்கத்தான். முதல் தடவை எட்டின் இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன், ஃபெயில். அடுத்த தடவை போட்டேன். அன்று வந்திருந்தவர்களில் கியர் வண்டியோடு நின்ற பெண் நான் ஒருத்திதான். பின்னால் நின்ற ஒரு பெரியவர் கை தட்டினார், அவர் யாரென்று தெரியாது.

இந்த இடத்தில் அம்பேத்கருக்கு வருகிறேன். பிறந்தநாள் கூட்டம் என்பதற்காக இழுத்து வரவில்லை. அந்தச் சுடுகாட்டுப் பாதையில் பயிற்சி எடுத்த நாட்களில்தான் அவருடைய "விசாவுக்காகக் காத்திருக்கிறேன்" புத்தகத்தை இரண்டாவது முறை படித்தேன். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். முதல் முறை படித்தபோது தண்ணீர் கிடைக்காத இடங்கள்தான் மனதில் நின்றன. இரண்டாவது முறை வண்டிகள் நின்றன.

1901. சிறுவன் பீமராவ் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறான். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக ஆள் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகள், ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடு விசாரிக்கிறார். மகார் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறது. மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் ஓட்ட வர மறுக்கிறார்கள். கடைசியில் ஒரு பேரம் முடிகிறது: இரண்டு மடங்கு கூலி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார். மாடு பூட்டிய வண்டியை எப்படி ஓட்டுவது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த நிமிடமே தெரிந்திருந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

1929. அதே பையன் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து முடித்த பாரிஸ்டர். தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் போட்ட குழுவில் உறுப்பினர். சாலிஸ்கானில் நம் மக்கள் அவரை ஒரு ராத்திரி தங்கிப்போகச் சொல்லிக் கேட்கிறார்கள். ஸ்டேஷனில் இருந்து மகார்வாடா நடந்து போகிற தூரம்தான். குதிரை வண்டி வர ஒரு மணி நேரம் தாமதமாகிறது. புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே ஒரு மோட்டார் கார்மேல் மோதப் பார்க்கிறது. பிறகு ஆற்றுப் பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது, இடைவெளி விட்டு நட்ட கற்கள் மட்டும்தான். குதிரை மிரண்டு திரும்புகிறது, சக்கரம் கல்லில் மோதுகிறது, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுப் பாலத்துக் கல்தரையில் விழுகிறார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன. கால் எலும்பு முறிந்தது.

என்ன நடந்தது என்று பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. தீண்டப்படாதவரை உட்காரவைத்து ஓட்டுவது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று குதிரை வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட வரமாட்டோம் என்றார்கள். தங்கள் தலைவரை நடக்கவைக்க நம் மக்களுக்கு மனம் வரவில்லை. அதனால் அவர்களில் ஒருவர் ஓட்ட உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஓட்டத் தெரியாது.

அந்த வண்டிக்காரனைப் பற்றி அம்பேத்கர் எழுதியிருப்பது பலருக்கும் தெரியும். குதிரை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன்கூட ஒரு பாரிஸ்டரைவிடத் தன்னை உயர்ந்தவன் என்று நினைத்துக்கொள்ள முடிகிறதே என்பார். ஆனால் என் மனதில் நின்றவர் கடிவாளத்தைப் பிடித்து உட்கார்ந்த நம் ஆள்தான். அவர் எத்தனை நாள் ஓட்டிப் பழகியிருப்பார்? யாருடைய குதிரையில், எந்த மைதானத்தில்? முதல் முறையாகக் கடிவாளத்தைக் கையில் வாங்கிய அன்றே, பின்னால் உட்கார்ந்திருந்தவர் அம்பேத்கர். விழுந்துவிட்டால் எழுந்து மறுபடி ஓட்டிப் பார்க்க அவருக்கு ஒரு சுடுகாட்டுப் பாதைகூட இல்லை. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அன்று ராத்திரி அவர் தூங்கியிருப்பாரா என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

லைசென்ஸ் வந்த வாரம். தபால் பையைப் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு, மெயின் ரோட்டில் இருந்து புளியமரத்தடிக்கு வந்தேன். அதுவரை அந்த இடத்தில் தம்பிதான் ஓட்டுவான், நான் பின்னால் உட்காருவேன். அன்று நான் தனி. பறந்து போக எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாவது கியர், பதினைந்து கிலோமீட்டர். தெரு நெடுக வாசல் தெளிக்கிறவர்கள், பாத்திரம் விளக்குகிறவர்கள், திண்ணையில் பேப்பர் படிக்கிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுத்துக்கொண்டே போனேன்.

மந்தைக்கு நேராக ஒரு கோழி குறுக்கே ஓடியது. பிரேக்கைப் பிடித்தவள் கிளட்சைப் பிடிக்க மறந்துவிட்டேன். எஞ்சின் நின்றது.

மந்தையில் ஏழெட்டுப் பேர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கிக்கரை உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி உதைத்தேன். காது அடைத்துப் போயிருந்தது. அப்போது ஒரு பெரியவர் சொன்னார்: "இறங்கித் தள்ளிட்டுப் போத்தா."

தோழர்களே, இதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். நின்றுபோன வண்டியைப் பார்த்து யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது. அவர் குரலில் அதட்டல் இல்லை. உதவி செய்வதாக நினைத்தேகூடச் சொல்லியிருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கப்பா பதினான்கு வருஷம் செய்ததும் அந்த வார்த்தைதான். என் கால் தானாகவே தரையைத் தேடியது. வலது கால் சீட்டைத் தாண்ட எழும்பியேவிட்டது என்றுகூடச் சொல்வேன். பழக்கம் எங்கே இருக்கிறது பாருங்கள். தள்ளிப் பழகியவர் அப்பா. இறங்க எழுந்தது என் கால்.

இறங்கவில்லை. தைரியம் என்று சொல்லமாட்டேன். இறங்கினால் மறுபடி ஏறமாட்டேன் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். தம்பி சொல்லிக்கொடுத்த வரிசையை வாய்க்குள் சொன்னேன். நியூட்ரல் இருக்கிறதா? இல்லை, வண்டி செகண்ட் கியரிலேயே நிற்கிறது. குதிகாலால் மிதித்துத் தேடினேன், பச்சை விளக்கு எரிந்தது. பெட்ரோல் டேப்? ரிசர்வில் திருப்பினேன். கிக்கர். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் எஞ்சின் பிடித்தது. ஃபர்ஸ்ட் கியர், அரை கிளட்ச், பைய நகர்ந்தேன். கோயில் தாண்டியது, வாய்க்கால் பாலம் தாண்டியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

வீட்டில் அப்பா திண்ணையில் இருந்தார். மந்தையில் நடந்தது எனக்கு முன்னால் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

"வண்டி நின்னுருச்சாமே?"

"ஆமாப்பா."

"தள்ளுனியா?"

"இல்லப்பா."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்துபோய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் என்மேல் ஒரு புகார் போனது. தபால்காரப் பெண் தெருவில் கண்மண் தெரியாமல் வேகமாக வண்டி ஓட்டுகிறார், குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று. நான் மூன்றாவது கியரையே பார்க்காத காலம் அது. விசாரிக்க வந்த அதிகாரி லைசென்ஸ் கேட்டார், காட்டினேன். அந்தத் தெருவில் ஓட்டிக் காட்டச் சொன்னார், காட்டினேன். அவர் பின்னால் நடந்தே வந்தார், என்னைத் தாண்டியும் போய்விட்டார். "இதுக்கா புகாரு" என்று சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். ஒருநாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது வலது பக்கக் கண்ணாடி உடைந்து கிடந்தது. தடுக்கி உடைந்ததோ உடைத்ததோ, நூற்றிருபது ரூபாய் கொடுத்து மாற்றினேன். இதே தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார், முதியோர் உதவித்தொகை கொண்டுபோனால் கைரேகை வைத்துப் பணம் வாங்கிக்கொள்வார். முன்பெல்லாம் "வண்டிய அங்கனயே விட்டுட்டு நடந்து வாத்தா" என்பார். இப்போது வண்டிச் சத்தம் கேட்டாலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். மனம் மாறிவிட்டார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். தண்ணீர் இன்னும் தனி டம்ளரில்தான் தருகிறார், நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

2015-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. மூன்றாவது பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்த்திருக்கிறார்கள்: பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பும் புத்தாடையும் அணிவதைத் தடுத்தால் குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை தண்டனை. நாடாளுமன்றம் உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தையை அந்தச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்திருக்கிறது. எழுதிய பிறகும் என்ன ஆனது? 2025 பிப்ரவரியில், எங்கள் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டி வந்த கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளில் அரிவாளால் வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்கிறது குடும்பத்தின் புகார். அந்தச் செய்தி வந்த அன்று அப்பா என்னை வேலைக்குப் போகவேண்டாம் என்றார். அம்மாதான் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார், "மெதுவாப் போ" என்று சொல்லி.

யாராவது தடுத்தால் அந்தச் சட்டம் தண்டிக்கும். புகார் கொடுங்கள், விடாதீர்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் யாரும் தடுக்காமலே எங்கப்பா இறங்குகிறாரே, அதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

போன பொங்கலுக்கு மாட்டுத்தீவனம் வாங்க அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். திரும்பும்போது புளியமரம் வந்தது. "நிப்பாட்டு தாயி" என்றார். நிறுத்தவில்லை. தோளைத் தொட்டார். "பெட்ரோல் நிறைய இருக்குப்பா" என்றேன். பின்னால் சத்தமே இல்லை. ஊர்த்தெரு முழுக்க அவர் கை என் தோளில் இறுகிப்போய் இருந்தது. இரண்டாவது கியர், பதினைந்து கிலோமீட்டர். பாலம் தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.

கடைசியாக ஒரு அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் சுடுகாட்டுப் பாதையில் இப்போது ஐந்து பெண்கள் பழகுகிறார்கள். ஒருவர் சத்துணவு சமையலர், ஒருவருக்கு வயது நாற்பத்தாறு. பக்கத்து ஊர்த் தோழர்கள் யாராவது வர விரும்பினால் வரலாம், கூட்டம் முடிந்ததும் என் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கிளட்ச் வயர் போன வாரம்தான் மாற்றியிருக்கிறேன். துப்பட்டாவை முடிந்துகொண்டு வாருங்கள், சக்கரத்தில் சிக்கிவிடும். புடவை என்றால் உள்ளே ஒரு பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஹெல்மெட் இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது. செருப்பு வேண்டாம், ஜல்லியில் நழுவும். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.